அங்காடியில் நிற்பவர்கள்

தமிழர் வாழ்வில் அங்காடி என்பது பொருள் வாங்கும் இடம் மட்டுமன்று. ஊரின் வளத்தை அளந்தறியும் கோலாகவும் அது விளங்கிவந்திருக்கிறது. மதுரையைப் பாடவந்த மதுரைக்காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. புகாரைக் காட்டவந்த சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அமைந்த நாளங்காடியை நம் கண்முன் நிறுத்துகிறது. பட்டினப்பாலையோ அங்காடியில் குவிந்த பொருளைச் சொல்வதோடு அமையாமல், அப்பொருளை விற்ற வணிகரின் நடுவுநிலை நெஞ்சத்தையும் சேர்த்தே போற்றுகிறது. குவிந்த பொருளால் மட்டும் ஓர் அங்காடி பெருமை பெறுவதில்லை, அங்கே நிலவும் அறத்தாலும் பெறுகிறது என்பது நம் முன்னோர் கொள்கை.

இன்றைய தமிழகத்தில் நாளங்காடியும் அல்லங்காடியும் ஒன்றாகக் கலந்த இடம் ஒன்று உண்டென்றால், அது சென்னைத் தியாகராய நகரே எனலாம். தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ் ஆகிய எந்தப் பண்டிகையாயினும், வீட்டில் திருமணம் என்றாலும், தமிழகத்தின் எந்த மூலையிலிருந்தும் மக்கள் நாடிவரும் இடம் அது. அந்த அங்காடியின் பெருமையை நாம் அனைவரும் அறிவோம். அதன் அறத்தைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி ஊரான வரலாறு

இன்று மக்கள் வெள்ளம் பாயும் இவ்விடத்தில் நூறாண்டுகளுக்கு முன் உண்மையான வெள்ளமே நின்றிருந்தது. நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பேரேரியை ஆங்கிலேயர் ‘நீண்ட ஏரி’ என்றே வழங்கினர். பெருகிவந்த சென்னை மக்களுக்குக் குடியிருப்பு வேண்டும் என்று கருதிய அன்றைய நீதிக்கட்சி ஆட்சி, 1923ஆம் ஆண்டளவில் அந்த ஏரியின் ஒரு பகுதியை வடித்து, திட்டமிட்ட புதிய நகரொன்றை அமைக்கத் தொடங்கியது. நடுவே ஒரு பூங்கா, அதனைச் சுற்றிக் கிளை பரப்பும் அகன்ற சாலைகள், மரநிழல், தோட்டத்தோடு கூடிய மனைகள் என்று அந்நகர் உருப்பெற்றது.

அந்நகருக்கு வாய்த்த பெயரும் பொருத்தமானதே. நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயர் (1852–1925) நெசவுத் தொழில் வளர உழைத்தவர். தாமே நெசவாலை நடத்தியவர். 1920இல் கட்சி வெற்றி பெற்று முதலமைச்சர் பொறுப்பு தம்மைத் தேடிவந்தபோது வேண்டாமென்று விலகி நின்றவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஏழைச் சிறார்க்குப் பள்ளியில் நண்பகல் உணவளிக்க வழிசெய்தவர். ஆடை வணிகத்தால் பெயர்பெற்றுவிட்ட ஒரு நகருக்கு, நெசவின் அருமையும் ஏழையின் பசியும் அறிந்த ஒருவரின் பெயர் அமைந்திருக்கிறது.

சாலைகளின் பெயர்களும் ஒரு வரலாற்று ஏடு போன்றவை. நடுவண் பூங்கா முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் தாங்கியது. மருத்துவர் நடேசனார் பெயரில் ஒரு பூங்கா, கோபதி நாராயணசாமி செட்டியார் பெயரில் ஒரு பெருஞ்சாலை. 1934இல் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றுச் சிறப்பித்த சர் முகமது உஸ்மான் பெயரில் உஸ்மான் சாலை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற சர் முகமது ஹபீபுல்லா பெயரில் ஹபீபுல்லா சாலை. அவற்றோடு பசுல்லா சாலை. பல சமயத்தவரும் பல மொழியினரும் ஒருங்கே அமர்ந்து பணியாற்றிய ஒரு காலத்தின் சான்றாக இப்பெயர்ப் பலகைகள் இன்றும் நிற்கின்றன. நாள்தோறும் உஸ்மான் சாலையில் நடப்போருள் எத்துணைப் பேர் அப்பெயருக்குரியவர் யாரென எண்ணுகின்றனர் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இராது.

பின்னாளில் தமிழகத்தின் அரசியலும் கலையும் இலக்கியமும் இந்நகரில் குடிபுகுந்தன. பெருந்தலைவர் காமராசர் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்த இல்லம் திருமலைப்பிள்ளை சாலையில் நினைவில்லமாக விளங்குகிறது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் வாழ்ந்த ‘அன்னை இல்லம்’ இங்கேதான் உள்ளது. முன்னாள் போக் சாலை இப்போது அவர் பெயரால் வழங்குகிறது. மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். பயன்படுத்திய இல்லமும் நினைவில்லமாக்கப்பட்டுள்ளது. தமிழ்த்துறை மாணாக்கர் நன்கறிந்த வானதி, கண்ணதாசன், நர்மதா முதலிய பதிப்பகங்கள் இந்நகரின் தெருக்களிலிருந்தே நூல்களை வெளியிட்டன. புடவை வாங்க வந்தவர் புத்தகமும் வாங்கிச் சென்ற ஊர் இது.

ஊர் அங்காடியான வரலாறு

குடியிருப்பாகத் தொடங்கிய நகர் வணிகத் தலமாக மாறியது ஒரே நாளில் அன்று. 1928இலேயே காஞ்சிபுரத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டியார் இங்கே பட்டுக்கடை தொடங்கிவிட்டார். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கியவர் உஸ்மான் சாலையை அடைய நடந்த வழிகளுள் ஒன்றே இரங்கநாதன் தெரு. வண்டியிலிருந்து இறங்குவோரும் ஏறுவோரும் நாளும் நடக்கும் வழியில் கடை வைத்தால் விற்பனைக்குக் குறைவேது? வீட்டுத் திண்ணைகள் கடைகளாயின, கடைகள் மாடிகளாயின, மாடிகள் வானளாவின. சர் தியாகராயர் சாலையின் கடைவீதி பாண்டி பஜார் என்று புகழ்பெற்றது. நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனாரின் பெயரே மருவி அவ்வாறாயிற்று என்பாரும் உளர். புதுச்சேரியிலிருந்து வந்த வணிகரால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர்.

இவ்வளர்ச்சியை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. பட்டுச் சேலையும் பொன்னகையும் செல்வர்க்கே உரியன என்றிருந்த நிலையை மாற்றி, எளியவரும் கூசாமல் நுழைந்து, விலை பார்த்து, கையிலுள்ள பணத்துக்கு ஏற்ப வாங்கிச் செல்லும் கடைகளை இந்நகரின் வணிகர்கள் உருவாக்கினர். ஊசி முதல் உத்தரம் வரை ஒரே கூரையின்கீழ் கிடைக்கச் செய்தனர். ஓரிடத்தில் மொத்தமாக வாங்கி, குறைந்த ஆதாயத்தில் நிறைய விற்பது என்பதே அவர்கள் கண்ட வெற்றியின் வழி. அவர்களுட் பலர் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வெறுங்கையோடு வந்து, உழைப்பொன்றையே முதலாக இட்டு உயர்ந்தவர்கள். மழை பொய்த்த கரிசல் காட்டிலும் தேரிக் காட்டிலும் வேலையின்றித் தவித்த பல்லாயிரம் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் வேலையளித்தவை இக்கடைகளே. இங்கிருந்து சென்ற மாதச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் கடனை அடைத்திருக்கிறது. எத்தனையோ தங்கையரின் படிப்புக்கும் திருமணத்துக்கும் துணையாகி இருக்கிறது. இதனை மறந்து பேசுவது நடுவுநிலை ஆகாது.

நெரிசலின் விலை

எனினும், குடியிருப்புக்காக வகுத்த தெருவில் மாபெரும் அங்காடியை ஏற்றிவைத்ததற்கு ஒரு விலை உண்டு. 2008 செப்டம்பரில் இரங்கநாதன் தெருவின் பல்பொருள் அங்காடி ஒன்றில் நேர்ந்த தீயில் பணியாளர் இருவர் உயிரிழந்தனர். 2017 மே 31ஆம் நாள் உஸ்மான் சாலையின் ஜவுளி மாளிகை ஒன்று தீப்பற்றி எரிந்து, பின் இடித்துத் தள்ளப்பட்டது. மேல்தளத்தில் இருந்த பணியாளர் சிலரைத் தீயணைப்புப் படையினர் மீட்டனர். 2011இன் இறுதியில், விதிமீறிக் கட்டப்பட்டன என்ற காரணத்தால் இப்பகுதியின் கட்டடங்கள் பல அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டதும், வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றதும் பலருக்கு நினைவிருக்கலாம். ஏரியும் தன் பழைய இடத்தை மறந்துவிடவில்லை. 2015இலும் 2021இலும் பெய்த பெருமழையில் தியாகராய நகரின் தெருக்கள் மீண்டும் ஏரியாயின. மாம்பலம் கால்வாய் சுமக்க இயலாத நீர் கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

அரசும் மாநகராட்சியும் வாளா இருந்துவிடவில்லை. நடைபாதை வணிகர்க்கென 2013இல் பாண்டி பஜாரில் தனி வணிக வளாகம் திறந்துவிடப்பட்டது. 2019 நவம்பரில் அதே சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் அமைந்தது. நடப்போர் களைப்பாற அங்கே இருக்கைகளும் இடப்பட்டன. 2023 மே மாதம் மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை, சுமார் 28 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. மெட்ரோ இரயிலின் வழித்தடமும் பனகல் பூங்கா வழியே வகுக்கப்பட்டுள்ளது.

இவையனைத்தும் வேண்டத்தக்கனவே, வரவேற்கத்தக்கனவே. ஆனால் இத்திட்டங்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவையெல்லாம் அங்காடிக்கு வருவோர்க்காக அமைந்தவை. அங்காடிக்குள் நாள் முழுதும் நிற்போர்க்கு என்ன செய்தோம் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

ஒரு மாலை கண்ட காட்சி

பெருநாள் நெருங்கிய ஒரு மாலைப்பொழுதில், எம் வீட்டாருடன் தியாகராய நகரின் ஜவுளிக்கடை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். எம்முடன் வந்த மூதாட்டியார் முழங்கால் நோயுடையவர். கடைப்பணிப்பெண் அவருக்கு விரைந்து நாற்காலி கொணர்ந்து இட்டாள். இருபது அகவைகூட நிரம்பாதவள். ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது சேலைகளையாவது விரித்துக் காட்டியிருப்பாள், முகம் சுளிக்கவில்லை. இடையிடையே ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிக்கொண்டு நின்றதை மூதாட்டியார் கவனித்துவிட்டார்.

“நீயும் கொஞ்சம் உட்காரேன் தாயே!” என்றார் அவர்.

“இருக்கட்டும் பாட்டி. எங்களுக்குப் பழகிப்போயிற்று” என்றாள் அப்பெண்.

“உட்கார உனக்கு ஒரு நாற்காலி கிடையாதா?”

அவள் தயங்கினாள். பின், மேசைக்கு அடியில் கண்ணால் சுட்டினாள். அங்கே ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் பிரிக்கப்படாத துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.

சட்டப்படி இருக்கை இருந்தது. ஆனால் அதில் அமர்ந்திருந்தது சரக்கு. சேலைக்குக் கிடைத்த இருக்கை, சேலையை விற்பவளுக்குக் கிடைக்கவில்லை. எம் வீட்டு மூதாட்டியார் அன்று வாங்கிய சேலையைப் பெருநாளன்று உடுத்தியபோதும், அதன் வண்ணத்தைப் பற்றிப் பேசவில்லை, “அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு உட்கார்ந்திருக்கும்?” என்றே கேட்டார்.

இஃது ஒரு கடையின் குறை என்று எவரும் கொள்ளற்க. எந்தக் கடைவீதியிலும் எளிதில் காணத்தக்க காட்சியே இது. இரங்கநாதன் தெருப் பணியாளரின் வாழ்வைக் களமாகக் கொண்டு, வசந்தபாலன் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தைக் கண்டு நாடே கண்கலங்கியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்ட நாம், மறுவாரமே அதே கடைகளில் வரிசையில் நின்றோம். கடைக்குச் சென்றதில் தவறில்லை. சென்ற இடத்தில் எதையும் கேளாமல் திரும்பியதே தவறு.

சட்டம் சொல்வது என்ன?

நாள் முழுதும் நிற்பதால் வரும் கேடு மருத்துவர் நன்கறிந்தது. காலின் நாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன, பாதம் வீங்குகிறது, இடுப்பும் முதுகும் நோகின்றன. இக்கேட்டை உலகம் இன்று நேற்று உணரவில்லை. இங்கிலாந்தில் 1899இலேயே கடைப்பணியாளர் இருக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. பெண் பணியாளர் மூவருக்கு ஓர் இருக்கையேனும் இடப்பட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. நம் நாட்டில் 1948இன் தொழிற்சாலைகள் சட்டம், நின்றே பணிசெய்ய வேண்டிய தொழிலாளர்க்கு வாய்ப்புள்ள போதெல்லாம் அமர ஏற்ற வசதி வேண்டும் என்றது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அவ்வுரிமை கடைத் தொழிலாளிக்குக் கிட்டவில்லை. அதற்கு ஓராண்டு முன், 1947இல் இயற்றப்பட்ட நம் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. வார விடுமுறையை வலியுறுத்தியது. ஆயினும் இருக்கையைப் பற்றி அது பேசவில்லை.

இக்குறையை நீக்கும் போராட்டம் அண்டை மாநிலமான கேரளத்தில் எழுந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவும் நம் இரங்கநாதன் தெருவைப் போன்றதொரு கடைவீதியே. அங்கே தையல் தொழிலாளியான விஜி என்பார் முன்னின்று உருவாக்கிய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பு, முதலில் கடைப்பெண்களுக்குக் கழிப்பறை கேட்டது. பின்னர் அமரும் உரிமை கேட்டது. ஆண்டுக்கணக்கான முயற்சியின் பயனாக 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை வழங்கியது. அடுத்து, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதே நோக்கத்தோடு திருத்த முன்வடிவு கொணரப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு புதிதாகச் சேர்ந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிசெய்வோர் அனைவர்க்கும் ஏற்ற இருக்கை வசதி வேண்டும். வேலை நேரம் முழுதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பதே அப்பிரிவின் சாரம்.

ஆக, தமிழ்நாட்டில் அமரும் உரிமை சட்ட உரிமை. யாரும் இரங்கித் தரும் சலுகை அன்று அது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கிய அவ்வுரிமை மேசைக்கு அடியில் வந்து, துணிக்கட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றுவிட்டது.

மறுப்புரைகளும் விடைகளும்

வணிகர் தரப்பில் சில காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றையும் எண்ணிப் பார்ப்பது முறை.

வாடிக்கையாளர் வரும்போது பணியாளர் அமர்ந்திருந்தால் மதிப்புக் குறைவாகத் தோன்றும் என்பது ஒரு காரணம். இதனை ஏற்க நம் மரபே இடந்தராது. பழைய ஜவுளிக்கடைகளை முதியோர் நினைவுகூர்க. மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளை விரிப்பு இட்டு, விற்பவரும் அமர்ந்திருப்பார். வாங்குபவரும் எதிரே அமர்வார். இருவருக்கும் இடையே சேலை விரியும். குசலம் விசாரித்து, குடும்ப நலம் பேசி, வாணிகம் நடக்கும். பட்டுச்சேலைக் கடைகள் சிலவற்றில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. அதை எவரேனும் மதிப்புக் குறைவாகக் கருதியதுண்டா? அமர்ந்து விற்பதே நம் வழக்கம். நாள் முழுதும் நின்று விற்பது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. வங்கியில் பணம் தருபவர் அமர்ந்தே தருகிறார். இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுத் தருபவரும் அமர்ந்தே தருகிறார். அதனால் நம் மதிப்புக் குன்றவில்லை. அதே கடையில் கல்லாவில் இருப்பவரும் அமர்ந்தே பணம் பெறுகிறார்.

அமர்ந்தால் சோம்பல் மிகும், விற்பனை குறையும் என்பது மற்றொரு காரணம். ஓய்வின்றி நிற்பவர்க்கு மாலையில் முகமலர்ச்சி எங்கிருந்து வரும்? கூட்டமில்லாத காலை வேளையில் அரைமணி நேரம் அமர்ந்த கால்கள்தாம் மாலை நெரிசலில் ஊக்கத்தோடு நிற்கும்.

இடம் இல்லை, வாடகை மிகுதி, இணையவழி வணிகத்தின் போட்டி பெருகிவிட்டது என்பது மூன்றாவது காரணம். இதில் உண்மை இல்லாமலில்லை. அடிக்கணக்கில் விலைபேசும் இந்நகரில் ஒவ்வோர் அங்குலமும் பணமே. ஆயினும் ஒரு முக்காலிக்கு வேண்டும் இடம் எவ்வளவு? அதன் விலை, ஒரு பட்டுச்சேலையின் முந்தானை விலைக்கும் ஈடாகாதே! இணையவழிக் கடையால் தர இயலாத ஒன்றைத் தருவதே நேரடிக் கடையின் வலிமை. சேலையைத் தோளில் சாத்திக் காட்டி, “இது உங்களுக்குப் பொருந்தும்மா” என்று சொல்லும் ஒரு மனிதக் குரலே அது. அக்குரலைக் காப்பது வணிகர்க்கே ஆதாயம்.

பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. பிறர் பொருளுக்கே அவ்வளவு பேணுதல் வேண்டுமெனில், பிறர் பெற்ற மக்களின் உடலுக்கு எவ்வளவு வேண்டும்? தந்தையும் தாயும் நம்பி அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். தம் பிள்ளை பத்து மணி நேரம் நிற்பதை எந்த முதலாளியும் பொறுக்கமாட்டார். அந்த ஓர் எண்ணம் போதும், ஆய்வாளர் வரவேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

இனி, ஒவ்வொருவர் கடமையும் எதுவென நாம் கருதுவதைக் கூறுகிறோம்.

வணிகப் பெருமக்களுக்கு முதல் வேண்டுகோள். இருக்கையை மேசைக்கு அடியிலிருந்து மேசைக்குப் பின்னே கொண்டுவாருங்கள். அதில் சரக்கை அடுக்காதீர்கள். அமர்ந்த பணியாளரை மேற்பார்வையாளர் அதட்டக்கூடாது என்பதை வாய்மொழியாக அன்றி எழுத்திலேயே அறிவியுங்கள். பண்டிகைக் காலத்தில் வேலை நேரம் நீளுமாயின், மிகை நேர ஊதியமும் மாற்று ஓய்வும் கொடுங்கள். தங்கும் விடுதியிலும் மேல்தளத்துச் சமையற்கூடத்திலும் தீ நேர்ந்தால் தப்பும் வழி திறந்திருக்கிறதா, அன்றி அட்டைப் பெட்டிகளால் அடைபட்டிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நேரிற் சென்று பாருங்கள். 2008இன் தீயும் 2017இன் தீயும் கற்பித்த பாடம் அதுவே.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் இயற்றியது பாராட்டுக்குரியது. தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைக்குள் நுழையும்போது “இருக்கை உண்டா?” என்று கேட்பதோடு நில்லாமல், “இருக்கையில் யார் அமர்கிறார்?” என்றும் கேட்கவேண்டும். பத்தோ அதற்கு மேலோ பணியாளரைக் கொண்ட கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க 2019இல் அரசு இசைவளித்தது. கடை இரவும் பகலும் விழித்திருக்கலாம். மனிதர் விழித்திருக்க இயலாது. எட்டு மணி நேர வரம்பு ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது அரசின் பொறுப்பு.

பொருள் வாங்கும் நம் அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள். குறைந்த விலையைக் கண்டு மகிழும் நாம், அக்குறைந்த விலையின் ஒரு பங்கை யாரோ ஒருவர் தம் கால்களால் செலுத்துகிறார் என்பதை நினைக்கவேண்டும். வாங்கும் எண்ணமின்றிப் பொழுதுபோக்காக நூறு சேலைகளை விரிக்கச் செய்வதைத் தவிர்ப்போம். “நீங்களும் உட்காருங்கள்” என்று ஒருமுறை சொல்வோம். வாடிக்கையாளரே சொன்னபின் மேற்பார்வையாளர் மறுக்கத் துணியார். கடையைவிட்டு வெளியேறும்போது மேலாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வருவோம்: “இருக்கை இருக்கும் கடைக்கே மீண்டும் வருவோம்” என்று. நூறு பேர் சொன்னால் அச்சொல் கணக்கேட்டில் ஏறும்.

இறுதியாக, நம் மாணாக்கர்க்கு. உங்களுள் சிலர் விடுமுறை நாள்களிலும் பண்டிகைக் காலங்களிலும் இத்தகைய கடைகளில் பணிசெய்து கல்விச் செலவை ஈடுகட்டுகிறீர்கள். அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். உங்கள் உரிமையை நீங்கள் அறிந்திருந்தால், அருகில் நிற்கும் எழுதப்படிக்கத் தடுமாறும் தோழருக்கும் எடுத்துச் சொல்லலாம். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து, தமிழ் அறியாமல் தனித்து நிற்கும் பணியாளரும் இன்று பலர். அவர்களிடம் பரிவோடு நாலு சொல் பேசலாம். பட்டம் பெற்று நாளை நீங்கள் வணிகராகலாம், மேலாளராகலாம், அதிகாரியாகலாம். அன்று மேசையின் மறுபுறம் அமரும்போது, இன்று நின்ற கால்களை மறவாதிருங்கள். தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இஃது இன்னும் பொருந்தும். நாளங்காடியின் சிறப்பைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நம் காலத்து நாளங்காடியில் நிற்பவரைப் பற்றி எழுதவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

நெசவின் அருமையும் ஏழையின் பசியும் அறிந்த தியாகராயரின் பெயரைத் தாங்கிய நகர் இது. முதலமைச்சர் பதவி தேடிவந்தபோது அவர் இருக்கையை விட்டுக்கொடுத்தார். அவர் பெயரால் வழங்கும் நகரின் கடைகளில், ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஒரு முக்காலியை விட்டுக்கொடுக்க நமக்கு மனம் வராதா? முக்காலியின்மேல் உள்ள துணிக்கட்டை இறக்கிவைக்க ஒரு நொடி போதும். அதனை இன்றே இறக்கிவைப்போம். அவர்கள் அமரட்டும்.